ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடுகிறதே, ஏன்? பழைய கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய கணினியை விட மனமில்லாமல் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கொண்டுவரும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: "சும்மா இருக்கும்போதும் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிறது." பல வருடங்களாக ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முக்கியமான கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் இல்லையென்றால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் நகல் எடுங்கள். கீழே உள்ள எல்லாமே அதற்குப் பிறகுதான்.

1. கேபினெட் முன்னால் மின்னுகிற குட்டி விளக்கு எதைக் காட்டுகிறது? எரிந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டுமா?

டிஸ்க்கில் எதையாவது படிக்கும்போதும் எழுதும்போதும் அது எரியும். அவ்வளவுதான். யாருக்காகப் படிக்கிறது, தேவையான வேலையா வீண் வேலையா என்பதை விளக்கை வைத்துச் சொல்ல முடியாது.

விட்டுவிட்டு மின்னுவது இயல்பு. கணினியைப் போட்டதும் சில நிமிடங்கள் தொடர்ந்து எரிவதும் இயல்பு. ஒரு மணி நேரம் ஆகியும் அணையாமல், கூடவே ஒரு ஃபோல்டரைத் திறக்கக்கூட அரை நிமிடம் ஆகிறது என்றால் காரணம் தேட வேண்டும்.

2. நான் மவுஸைக்கூடத் தொடவில்லை. அப்புறம் எதற்கு ஓடுகிறது?

நீங்கள் தொடாததால்தான் ஓடுகிறது. விண்டோஸ் பல வேலைகளை நீங்கள் சும்மா இருக்கும் நேரத்துக்கென்றே தள்ளிவைத்திருக்கும்: தேடலுக்கான அட்டவணை தயாரிப்பது, வைரஸ் ஸ்கேன், அப்டேட், டீஃப்ராக் (துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்த்து அடுக்குவது). விண்டோஸ் 7-இல் டீஃப்ராக் புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், பிறகு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ அப்போது தொடங்கும்.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். டிஸ்க் ஓடும்போது மவுஸை அசைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது இந்த வகை வேலை, கவலை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அரை மணி நேரம் திறக்கப்படும் கணினியில் இவை எப்போதுமே பாக்கி நிற்கும், அதனால் போட்டதும் மொத்தமாக வந்து விழும். ஸ்லீப் ஆகாதபடி வைத்து, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால் பல கணினிகள் மறுநாளே சாதுவாகிவிடுகின்றன. வேறு எதையும் மாற்றும் முன் இதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன்.

3. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்கிறது. ஆனால் வேகம் நொடிக்கு அரை எம்பிகூட இல்லை. இது எப்படிச் சாத்தியம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. இதைப் புரிந்துகொண்டால் மீதிப் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும். அந்த 100% என்பது வேகம் இல்லை, நேரம். டிஸ்க் ஒரு கணமும் சும்மா இல்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள். எவ்வளவு சாதித்தது என்பது வேறு கணக்கு.

ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டும், அதன்மேல் நகரும் ஒரு கையும் இருக்கின்றன. ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுழன்று அந்த இடம் கைக்குக் கீழே வர வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் கை நகரச் சராசரியாக 9 மில்லிநொடி, தட்டு சுழன்று வர 4 மில்லிநொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு தடவைக்கு 13 மில்லிநொடி. நொடிக்கு 75 தடவைதான் போய்வர முடியும். ஒவ்வொரு தடவையும் 4 கிலோபைட் துண்டு ஒன்றை எடுத்தால், நொடிக்கு மொத்தம் 300 கிலோபைட். டிஸ்க் உயிரைக் கொடுத்து ஓடியும் கிடைப்பது அவ்வளவுதான். 5400 சுற்று லேப்டாப் டிஸ்க்குக்கு இன்னும் குறைவு.

அதே டிஸ்க் ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பிகூடத் தரும், ஏனென்றால் கை அலைய வேண்டியதில்லை. அதனால் நாம் கேட்க வேண்டியது "டிஸ்க் ஏன் மெதுவாக இருக்கிறது" என்பதல்ல. "யார் இதைக் கண்ட இடத்துக்கெல்லாம் அலையவிடுகிறார்கள்" என்பதுதான்.

4. சரி, அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸ் 7-உம் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால், ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் பகுதிக்குப் போங்கள். டாஸ்க் மேனேஜரைவிட இது மேல், ஏனென்றால் எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்பதுவரை காட்டும். டோட்டல் என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் கேட்பவர் மேலே வருவார். அங்கே மூன்றைப் பாருங்கள்: கோப்பின் பெயர், முன்னுரிமை, ரெஸ்பான்ஸ் டைம். முன்னுரிமையில் பேக்கிரவுண்ட் என்று இருந்தால் அது உங்களுக்கு வழிவிட்டு ஓடும் வேலை. ரெஸ்பான்ஸ் டைம் பத்து, இருபது மில்லிநொடி என்றால் டிஸ்க் ஒழுங்காக இருக்கிறது. ஒரு சின்ன வேலைக்கே ஆயிரக்கணக்கில் காட்டினால் 11ஆம் கேள்விக்கு நேராகப் போங்கள்.

எக்ஸ்பியில் இது இல்லை. டாஸ்க் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய், ஐ/ஓ ரீட் பைட்ஸ், ஐ/ஓ ரைட் பைட்ஸ் என்ற இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த எண் விறுவிறுவென ஏறுகிறதோ அவர்தான் ஆள்.

கண்டுபிடித்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பார்த்து, பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். அப்டேட் வேலை என்றால் ஒருநாள் வந்து போய்விடும். தினமும் வருபவரைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

5. கணினியைப் போட்டால் இருபது நிமிடம் தொடவே முடியாது. அதற்கப்புறம் நன்றாகத்தான் இருக்கிறது.

தொடக்கத்திலேயே பத்துப் புரோகிராம்கள் ஒன்றாக எழுந்து, ஒரே கையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. மேலே சொன்ன நொடிக்கு 75 தடவை என்ற கணக்கு இங்கே நன்றாகத் தெரியும். விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பகுதி இருக்கிறது. 7-இலும் எக்ஸ்பியிலும் அதற்கு எம்எஸ்கான்ஃபிக் என்ற புரோகிராமை ஓட்ட வேண்டும். பிரிண்டர் உதவியாளர், எப்போதோ போட்ட மியூசிக் பிளேயர், அரட்டைச் செயலி, அப்டேட் பார்ப்பவர் என்று எதெல்லாம் போட்டதும் தேவையில்லையோ அவற்றை முடக்குங்கள். ஆன்டிவைரஸையும் டச்பேடு, ஒலி சார்ந்தவற்றையும் விட்டுவிடுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று திறக்கும் கோப்பை மற்றது சோதிக்கும். பழைய டிஸ்க் இதைத் தாங்காது.

6. ரேம் குறைவு என்றால் நினைவகம்தானே நிறைய வேண்டும்? டிஸ்க் எதற்கு ஓட வேண்டும்?

ரேம் நிறைந்தால் விண்டோஸ் கையை விரிப்பதில்லை. இப்போதைக்குத் தொடாத பகுதிகளை டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, அந்த இடத்தைப் புதியவருக்குக் கொடுக்கும். நீங்கள் பழைய விண்டோவுக்குத் திரும்பியதும், அதைப் படித்து உள்ளே கொண்டுவர வேறொன்றை வெளியே தள்ளும். ரேம் ரொம்பவே போதாதபோது இந்தக் கொண்டுவருவதும் தள்ளுவதும் மட்டுமே முழுநேர வேலையாகிவிடும். விளக்கு அணையாது, ஒரு சொடுக்குக்குப் பத்து நொடி ஆகும்.

ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ஹார்டு ஃபால்ட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். ரேமில் கிடைக்காமல் டிஸ்க்குக்குப் போக வேண்டியிருந்த தடவைகள் அவை. புரோகிராம் திறக்கும்போது அது ஏறுவது சகஜம். நீங்கள் சும்மா இரண்டு விண்டோக்களுக்கு இடையே மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில் எகிறினால் ரேம் போதவில்லை. 2 ஜிபி கணினியில் இன்றைய பிரவுசரைத் திறந்து பத்து டேப் போட்டால் நடப்பது இதுதான். ரேம் வாங்கும் முன் ஒன்று: 32 பிட் விண்டோஸின் வீட்டுப் பதிப்புகளால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. மதர்போர்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதன் கையேட்டில் பாருங்கள்.

7. அப்படியானால் பேஜ்ஃபைலையே நிறுத்திவிட்டால் டிஸ்க் ஓடாதே?

செய்யாதீர்கள். ரேம் நிறைந்ததும் போக வழியில்லாமல் புரோகிராம்கள் அப்படியே மூடிக்கொள்ளும், சேமிக்காத வேலையும் போய்விடும். நோய் ரேம் பற்றாக்குறை. பேஜ்ஃபைல் அதைத் தாக்குப்பிடிக்க வைத்திருக்கும் வழி. அளவைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

8. சூப்பர்ஃபெட்ச், விண்டோஸ் சர்ச் எல்லாவற்றையும் ஆஃப் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?

சூப்பர்ஃபெட்ச் விஸ்டாவில் வந்தது, விண்டோஸ் 10-இல் பின்னாளில் சிஸ்மெயின் என்று பெயர் மாறியது. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும். 8 ஜிபி ரேம் இருந்தால் இது உபகாரி. 2 ஜிபியில், இருக்கிற கொஞ்ச இடத்துக்கு இன்னொரு போட்டியாளர். விண்டோஸ் சர்ச்சும் அப்படித்தான்: ஆயிரக்கணக்கான கடிதங்களுக்குள் தேடுபவருக்கு அது வேண்டும், தேடவே செய்யாதவருக்கு வேண்டாம்.

ஆகவே 4ஆம் கேள்வியில் சொன்ன தாளைப் பாருங்கள். அதில் இவற்றின் பெயர் தினமும் இருந்தால், ஒன்றை மட்டும் நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்ப இயக்குங்கள். பட்டியலைப் பார்த்துப் பதினைந்து சர்வீஸ்களை ஒரே மூச்சில் நிறுத்திவிட்டு, பிறகு பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடி அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்ச்சை முழுதாக நிறுத்தாமல், இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் போய் எந்த ஃபோல்டர்கள் மட்டும் போதும் என்று சுருக்கவும் செய்யலாம். எனக்கு அதுதான் பிடித்த வழி.

9. டீஃப்ராக் செய்தால் சரியாகுமா?

வருடக்கணக்கில் செய்யாத எக்ஸ்பி கணினி என்றால் ஓரளவு பலன் உண்டு. புதிய விண்டோஸ் தானே செய்துகொள்கிறது. டிஸ்க் நிறைந்து வழிந்தால் எதுவும் பலிக்காது. குறைந்தது 15% காலியாக இருக்கட்டும்.

10. வைரஸாக இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் நான் பார்த்தவற்றில் குறைவு. ரிசோர்ஸ் மானிட்டரில் பெயர் விளங்காத புரோகிராம் ஒன்று உங்கள் படங்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனால், கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிய வால் முளைத்திருந்தால், யோசிக்காமல் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கணினியை அணையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் சில கோப்புகள் போய்க்கொண்டிருக்கும்.

மற்றபடி, ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்ற பெயரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு. ஸ்கேன் நேரத்தை நீங்கள் தூங்கும் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

11. டிஸ்க்கே சாகப்போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காது. கரகரவென்று ஒழுங்கில்லாமல் வரும் சத்தம் கை நகரும் சத்தம், அது வேலை செய்கிறது என்று பொருள். ஒரே தாளத்தில் "டிக்… டிக்… டிக்" என்று வந்து, அந்த நேரத்தில் கணினி உறைந்து நின்றால் கெட்ட செய்தி. படிக்க முடியாத இடத்தை டிஸ்க் மறுபடி மறுபடி முயல்கிறது. ஒரு கெட்ட இடத்துக்காகவே பல நொடிகள் முயலும். அதனால்தான் ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கில் போகிறது.

அடுத்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் காட்டும். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சின்னத் துண்டுகள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 என்பது டிஸ்க் தானே சோதித்தபோதும் சரிசெய்ய முடியாதவை. இவற்றின் ரா வேல்யூ, அதாவது எண்ணிக்கை, பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் பதினாறடிமான முறையில் (A முதல் F வரை எழுத்துகளும் கலந்து வரும் முறை) காட்டப்படும் என்பதையும் மறக்க வேண்டாம், அமைப்புகளில் தசம முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். சீகேட் டிஸ்க்கில் 01 வரியில் பிரம்மாண்டமான எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது அந்த நிறுவனம் எழுதும் முறை, பழுது இல்லை.

"குட்" என்று காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், இல்லை. கூகுள் தன் டிஸ்க்குகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதுவும் காட்டாமலேயே போயிருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதை நம்பாதீர்கள்.

12. செக்டிஸ்க் ஓட்டினால் கெட்ட செக்டர்கள் சரியாகிவிடுமா?

இதை நான் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். முன்பு ஒரு முறை, நெருங்கிய உறவினர் ஒருவரின் லேப்டாப்பில் டிஸ்க் திணறுவதைப் பார்த்ததும், நகல் எடுக்காமல், விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதிக்கும் புரோகிராமான செக்டிஸ்க்கை முழுச் சோதனையோடு ஓடவிட்டேன். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்க்கும், பல மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் தாண்டியதும் டிஸ்க் அப்படியே நின்றுபோனது. அவர்கள் வீட்டுக் குழந்தையின் முதல் மூன்று வருடப் படங்கள் அதில் இருந்தன, திரும்பக் கிடைக்கவில்லை.

செக்டிஸ்க் கோப்பு அமைப்பின் குழப்பத்தைச் சரிசெய்யும். உடைந்துகொண்டிருக்கும் டிஸ்க்கைச் சரிசெய்யாது, அதற்கு இன்னும் வேலை கொடுக்கும். சி5-இல் எண் இருந்தால் வரிசை இதுதான்: முதலில் மிக முக்கியமான கோப்புகள், பிறகு மற்றவை, அப்புறம் டிஸ்க்கை மாற்றுவது. சாதாரணமாக நகலெடுக்கும்போது நடுவில் நின்றுவிட்டால், லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற மீட்புப் புரோகிராமைப் பயன்படுத்துங்கள். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும்.

13. ரேம் போதும், ஸ்மார்ட்டும் சுத்தம், எந்தப் புரோகிராமும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனாலும் 100%!

இப்போது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே பார்க்க வேண்டும். ஸ்மார்ட்டில் சி7 வரி ஏறிக்கொண்டே போகிறதா? அது வழியில் தகவல் சிதைந்ததன் கணக்கு, பெரும்பாலும் கேபிள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், மிகச் சின்னச் செலவு. பழைய எண் அப்படியே நிற்கும், மேலும் ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது.

எக்ஸ்பி கணினி, சாட்டாவுக்கு முந்திய அகலமான ஐடிஇ கேபிள் என்றால் இன்னொரு பழைய வம்பு இருக்கிறது. தொடர்புப் பிழைகள் ஆறு சேர்ந்ததும் விண்டோஸ் படிப்படியாக வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிராசஸரே தகவலைச் சுமக்க வேண்டிய, மிக மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பிழை போன பிறகும் தானாக ஏறாது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சானலின் பண்புகளில் வேகமான முறையான அல்ட்ரா டிஎம்ஏ என்று இருக்க வேண்டும். பிஐஓ என்று இருந்தால், அந்தச் சானலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மீண்டும் இறங்கினால் கேபிளோ டிஸ்க்கோ கெட்டிருக்கிறது.

விண்டோஸ் 10-இல், விண்டோஸோடு வரும் ஏஎச்சிஐ டிரைவரும் (சாட்டா டிஸ்க்கோடு பேசும் மென்பொருள்) சில ஏஎச்சிஐ கன்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) ஒத்துப்போகாமல் 100% காட்டியதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு ரெஜிஸ்ட்ரி திருத்தம் ஒன்றையும் சொல்லியிருக்கிறது. அதற்கு முன், பயாஸ் அப்டேட்டும் மதர்போர்டு நிறுவனத்தின் சொந்த டிரைவரும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

14. விளக்கு தொடர்ந்து எரியவில்லை. கடிகாரம்போல நொடிக்கு ஒரு முறை மின்னுகிறது.

சத்தம் இல்லாமல் மின்னுகிறதா? சில கணினிகளில் அந்த விளக்கு சிடி டிரைவுக்கும் பொது. புதிய சிடி போட்டார்களா என்று விண்டோஸ் அடிக்கடி விசாரிப்பதுதான் அந்த மின்னல். டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவைத் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஹார்ட் டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லை.

கால் நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் பிரவுசரைச் சந்தேகப்படலாம். ஃபயர்ஃபாக்ஸ், திறந்திருக்கும் டேப்களை 15 நொடிக்கு ஒரு முறை எழுதி வைக்கும். அது தீங்கில்லாதது.

15. விண்டோஸே வேண்டாம் என்று லினக்ஸ் போட்டேன். அதிலும் ஓடுகிறதே?

ஐஓடாப் என்ற புரோகிராமைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், 4ஆம் கேள்வியின் வேலையை அது செய்யும். வழக்கமாக அகப்படுபவர்கள்: தினம் ஒருமுறை கோப்புப் பட்டியல் எடுக்கும் அப்டேட்டிபி, தேடலுக்கான அட்டவணை தயாரிக்கும் குனோம் டெஸ்க்டாப்பின் டிராக்கர், கேடிஇ டெஸ்க்டாப்பின் பலூ. இவர்கள் யாரும் இல்லாமல் ஸ்வாப் (லினக்ஸின் பேஜ்ஃபைல்) நிறைந்திருந்தால் 6ஆம் கேள்விதான், பெயர் மட்டும் வேறு.

16. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. ரேமா, எஸ்.எஸ்.டியா?

2 ஜிபி இருந்தால் ரேம். 4 ஜிபி இருந்து, நீங்கள் செய்வது மெயிலும் எழுத்து வேலையும் என்றால் எஸ்.எஸ்.டி. அது தகவலைச் சிப்களில் வைக்கும் டிஸ்க். அதில் நகரும் கை இல்லை, ஆகவே 3ஆம் கேள்வியில் சொன்ன அலைச்சலே இல்லை. நொடிக்கு 75 என்பது ஆயிரக்கணக்கில் போகும். மதர்போர்டில் இருப்பது நொடிக்கு 150 எம்பி மட்டுமே தரும் முதல் தலைமுறை சாட்டாவாக இருந்தாலும் பரவாயில்லை, வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

எக்ஸ்பிக்கு எஸ்.எஸ்.டியைப் பராமரிக்கும் டிரிம் வசதி கிடையாது, விண்டோஸ் 7-இலிருந்துதான் உண்டு. ஐடிஇ மட்டுமே உள்ள கணினிக்கு அடாப்டர் தேவைப்படும். அங்கே நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

17. எஸ்.எஸ்.டி போட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது!

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்திருப்பீர்கள். யார் அலையவிட்டார்களோ அவரும் கூடவே வந்துவிட்டார், இப்போது சத்தம் இல்லாமல், வேகமாக வேலை வாங்குகிறார். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து 4ஆம் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறீர்கள்தானே?